விளக்குக்காரரைப் பற்றிய ஏழாவது கேள்வி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் தன் நலத்தைத் தனியாக எழுதச் சொல்கிறதாம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு சரியில்லாமல் இருந்தது. ஓட்டுநர் இல்லாத பஸ் வேண்டாம் என்று மூன்று தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக் கூட்டத்தில் சம்மதிக்காவிட்டால் உன் நான்கு வருட உழைப்பு வீண் என்று எழுதியிருந்தாய். கூடவே, இவர்களெல்லாம் எந்தக் காலத்து ஆட்களோ என்று ஒரு வரி. அந்தக் காலத்து ஆட்களை நான் நேரிலேயே பார்த்துவிட்டேன் கண்ணா, கேள். எங்கள் நகராட்சி ஆவண அறையில் பழைய கட்டுகளை ஸ்கேன் செய்கிறோம் இல்லையா, திங்கட்கிழமை ஒரு மனு கைக்கு வந்தது. எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு மின்விளக்கு போட வந்தபோது நம் தெருக்காரர்கள் கொடுத்தது. பதினொரு கேள்விகள். அந்த வெளிச்சத்தில் குழந்தை தூங்குமா, மாடு கறக்குமா, திருடனுக்கும் வழி தெரிந்துவிடாதா என்று. நான் சிரித்த சிரிப்பில் புரையேறி, பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போதைய நகராட்சி எஞ்சினியர் பொறுமைசாலி, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் சிவப்பு மையில் பதில் எழுதியிருக்கிறார். ஏழாவது கேள்வியில் என் சிரிப்பு நின்றது. தினமும் விளக்கேற்ற வருகிறவர் எந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று பார்த்துத் தட்டி விசாரிப்பார், இனிமேல் யார் தட்டுவார்கள் என்று கேட்டிருந்தார்கள். எஞ்சினியர் ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, அதை அடித்துவிட்டு, வேறு மையில், பழைய விளக்குக்காரர்களையே வைத்துக்கொண்டு தெருவுக்கு ஒருவர் மாலையில் நடந்து பார்வையிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அப்பா பார்த்தாரே விளக்குப் பார்வையாளர் வேலை, அது எப்படி வந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. வெட்டி வேலை என்று எத்தனை பேர் கேலி செய்திருக்கிறார்கள், நானும்தான். வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். “முப்பது வருஷம் நான் நடந்ததெல்லாம் யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலா?” என்றார். அன்றைக்கு இரண்டு காபி கேட்டார்.

அதனால் உன்னிடம் வந்த மனுவை மறுபடி எடு. தான் மூச்சிரைக்க ஓடி வந்தால் தனக்காக யார் பஸ்ஸை நிறுத்துவார்கள் என்று ஓர் அம்மாள் கேட்டதைக் கிண்டலாக எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் போட்டாய்? பொருந்தாது என்று மட்டும் போட்டுவிடாதே.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒருவரையும் தெரியாது, காய்ச்சலில் இரண்டு நாள் கதவைத் திறக்காமல் கிடந்தேன். மூன்றாம் நாள் மாலை ஒருவர் தட்டினார். வாசல் விளக்கு சரியாக எரிகிறதா என்று கேட்க வந்தேன் என்றார். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவரைத்தான் நீ அப்பா என்று கூப்பிடுகிறாய்.

எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு கூட்டத்துக்கு வரும். சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் உனக்குக் கோபம் வரும்.

ஆசையுடன்,
அம்மா