பொம்பிலியு ஐயாவின் முதுகுவலி

அன்புள்ள அனிக்காவுக்கு உன் தொவாதெர் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கோழிகளாவது உனக்காக மெதுவாக நடக்கின்றனவா?

இங்கே ஒரு வேடிக்கை. நான் உதவியாளாக இருக்கும் ஸ்லீப்பர் பெட்டியில் வருஷக்கணக்காகப் புக்கரெஸ்ட் போய்வரும் மரக்கம்பெனி பொம்பிலியு ஐயா, முதுகுவலியால் பயணமே இல்லை என்று சொல்லியனுப்பினாரே. நீகூட வாத்துக் கொழுப்பில் தைலம் காய்ச்சிக் கொடுத்தாயே. நேற்று சாயங்காலம் ரயில் கிளம்பும் குளூஜில் ஒரே மூடுபனி, விமானம் எதுவும் கிளம்பவில்லை. ரயிலில் ஏறுவது யாரென்று பார்த்தால் அவரேதான். பையில் விமானக் கம்பெனிச் சீட்டு தொங்குகிறது.

"பனியில முதுகு நிமிர்ந்துடுச்சா ஐயா?" என்றேன்.

கூட வந்த, கம்பெனிக் கணக்கு எழுதும் பெண் சிரித்தாள். "முதுகா? கம்பெனியில எல்லாருக்கும் இனி விமானம்தான்னு முதல்ல கேட்டு வாங்கினதே இவருதான்."

"ஒரு மணி நேரத்துல போயிடலாம் தொவாதெர், கோவிச்சுக்காதே" என்றார் ஐயா.

"எனக்கென்ன கோவம்? தைலத்தைத் திருப்பிக் குடுங்க, பொஞ்சாதிக்கு முழங்கால் வலி."

"அதை என் கார் டிரைவருக்குக் குடுத்துட்டேன்பா."

ஆள் ஏறாததால் ஈஸ்டரோடு எங்கள் பெட்டியைக் கழற்றப்போகிறார்கள். மேலிடத்தில் பேசுகிறேன் என்று என் கையில் அடித்துச் சொன்னவரும் இவர்தான். பறக்கட்டும், நான் தடுத்தேனா? பொய் எதற்கு?

காலையில் இதுவரை அவரைப் பேர் சொல்லித்தான் எழுப்பியிருக்கிறேன். இன்று கதவைத் தட்டி, "பயணி அவர்களே, ஊர் வந்துடுச்சு" என்றேன்.

நீ கவலைப்படாதே. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு, காலிப் பெட்டி குளிர்கிறது. கடிதத்தை நீளமாக எழுது, பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் சரி. படிக்க நேரம் நிறைய இருக்கிறது.

விசில் ஊதிவிட்டார்கள்.

உன் தொவாதெர்