கார் என்று நான் எழுதவில்லை

மச்சான்,

இன்று காலை வேலைக்குப் போகச் சட்டையை மினுக்கினேன். காலரில் மெழுகு ஒட்டிக்கொண்டது. நீ விட்டுப்போன மெழுகுதான், நேற்று நான் உருக்கியது. நாடு விட்டு வந்து நாங்கள் தங்கிய லா ஷப்பல் அறையில் எல்லாருக்குமாக இருந்த ஒரே அயன்பெட்டியில் நீ பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகு உருக்கித் தேய்ப்பாய். நாங்கள் சேர்ந்து உன்னைத் திட்டுவோம். இன்று திட்ட ஆளில்லாமல் அந்த மணத்தோடு நின்றேன். சட்டையை மாற்றவில்லை. கறையோடு போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு மாரிக் குளிரில் அல்ப்ஸ் மலை ஹோட்டலொன்றில் நீயும் நானும் கோப்பை கழுவப் போனோம். ஓய்வு நாளில் மற்றவர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்க, நீ யாரோ கழித்துவிட்ட பலகைகளைக் காலில் மாட்டி விழுந்து விழுந்து பழகினாய். பிறகு என்னையும் இழுத்தாய். கொடி நட்ட பாதை உனக்குப் போதவில்லை. ஆள் போகாத சரிவுதான் வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகிறவனில்லை நீ. மண்வெட்டியால் பனியைக் குழியாக வெட்டி, அடுக்கடுக்காகத் தடவிப் பார்ப்பாய். "இஞ்சை பார், மேலை காத்து இறுக்கினது தட்டாய்க் கிடக்கு. கீழை சீனி மாதிரி உதிருது. இது எங்களைத் தாங்காது, வா திரும்புவம்." எத்தனை தரம் ஆசையாய் ஏறிப்போய் அப்படியே திரும்பினோம்! எனக்கு எரிச்சல் எரிச்சலாய் வரும்.

அந்தக் கடைசி நாளிலும் வெட்டிப் பார்த்தாய். வெட்டிய இடத்தில் பனி நன்றாகவே இருந்தது. நடுச்சரிவில் காற்று கொண்டுவந்து குவித்திருந்த பனி எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. "ஒராள் கடந்தாப் பிறகுதான் மற்றாள்" என்பது உன் சட்டம். நான் முதலில் கடந்து, பாறையடியில் நின்று கையைக் காட்டினேன். நீ பாதித் தூரம் வந்தபோது உனக்கு மேலே சரிவு வெடித்துக் கோடாகப் பிளந்து, பனி இடிந்து வந்து உன்னை மூடியது. பனியில் புதைந்தவரைத் தேட இருவரும் நெஞ்சில் கட்டியிருந்த கருவியின் கீச்சொலியைப் பிடித்துக்கொண்டு தேடினேன், கண்டுபிடித்தேன், தோண்டினேன். உன்னிடம் மூச்சு இல்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் உன் அண்ணை, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் உன் வரலாற்றை எழுதும்படி என்னைக் கேட்டார்.

"சாவை மட்டும் கார் அக்சிடென்ற் எண்டு போடு, தம்பி. ஊர் எரியேக்கை இவன் பனியிலை சறுக்கி விளையாடினவன் எண்டு சனம் காறித் துப்பும். அம்மா தாங்கமாட்டா."

எனக்கு வந்ததே கோபம்!

"எழுதமாட்டன், அண்ணை. கடலுக்குப் போனவன் கடலிலை செத்தால் வெக்கப்படுறமோ? இவன் மலைக்குப் போனவன். ரெண்டு பேரும் ஒண்டாய்க் கடந்திருந்தால் இண்டைக்கு நானும் இல்லை. அவன்ரை புத்தியாலைதான் உங்களுக்கு முன்னாலை உயிரோடை நிக்கிறன். அவனைப் புத்திகெட்ட விசரன் எண்டு சொல்லுறவன் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்!"

சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அண்ணை தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ எழுதுறபடியே அடிக்கட்டும்" என்றார்.

'பனிச்சரிவில் காலமானார்' என்று கொட்டை எழுத்தில் போடவைத்தேன். சனம் கதைத்ததுதான். ரெண்டு மாரி கழிந்தும் கதைக்கிறது. கதைக்கட்டும், எனக்கென்ன!

கல்வெட்டு ஊருக்கும் போனது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். உன் அம்மா எழுதவில்லை. கசற்றில் பேசி அனுப்பியிருந்தார். பின்னால் நாய் குரைக்கிறது, யாரோ தண்ணீர் அள்ளுகிறார்கள். பிறகு கேட்டார்:

"தம்பி, பனி எண்டால் என்னெண்டே எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னியே, அது போதும். ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ரை பிள்ளை அங்கை சிரிச்சவனோ?"

அதே கசற்றைத் திருப்பிப் போட்டு நான் பதில் பேசினேன்.

"ஓம் அம்மா. மலை முழுக்கக் கேக்கச் சிரிச்சவன். அதாலைதான் நான் இன்னும் போறனான்."