கருப்பட்டிக்கு அடியில் ஓர் அட்டை

மேலப்பாளையம்
6-8-2024, செவ்வாய்

என் பிரியமுள்ள நாத்தனாரும் என் கள்ளத்தனத்துக்கு ஒரே கூட்டாளியுமான நஃபீஸத்துக்கு, மைனி ஆசியா உம்மாள் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் உம்மாவும் சுகம்தான், மாமி நேற்றுகூட என்னை மூன்று தடவை ஏசியது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் வீட்டுக்காரர் ரசீத் சிரிக்கிறாராமே. இந்த வீட்டுப் போன் மாமி கையில் இருக்கிறது, காது மந்தம் என்று ஸ்பீக்கரில்தான் பேசும் என்று அவரிடம் சொல். போன தடவை நீ "மைனி, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டதற்கு எதிர்வீட்டு ஷரீபா பீவி அடுப்படியில் இருந்தே பதில் சொன்னாள். அதனால் உங்கள் ஊரில் இருந்து செவ்வாய்ச் சந்தைக்கு வருகிற பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் வண்டிதான் நமக்குத் தபால் ஆபீஸ்.

விஷயம் என்னவென்றால், ஏப்ரலில் நீ கருப்பட்டிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய மாத்திரை தீர்ந்தது. அடுத்த பெட்டியில் ஓர் அட்டை வை. இங்கன மருந்துக்கடையில் கேட்க முடியாது. கடைக்காரர் உன் அண்ணனோடு மதரஸாவில் ஓதினவர். நான் படி இறங்குவதற்குள் விஷயம் பள்ளிவாசல் தாண்டிப் போய்விடும்.

ஒரே அட்டையை நாலு மாசம் ஓட்டியிருக்கிறேன் பார். உன் அண்ணன் துணி மூட்டையோடு கேரளாவுக்கு பஸ் ஏறினால் டப்பாவை மூடுவேன், வந்து இறங்கினால் திறப்பேன். ஆள் இல்லாத நாளைக்கு மாத்திரை எதுக்குளா? அட்டையாக இருந்தால் மாமி கண்ணில் படும் என்று எல்லாவற்றையும் பிதுக்கிப் பாசிமணி டப்பாவில் போட்டு வைத்தேன். காவி நிறத்தில் ஏழு இருந்ததே, அது என்னவென்று தெரியாமல் கோழிக்குப் போட்டேன். அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மாமிக்குப் பேரன் வேண்டுமாம். எனக்கு நாற்பத்திரண்டு வயசு. மூத்தவள் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை தேடுகிற நாளில் நான் மசக்கையில் மாங்காய் கேட்டால் நல்லாவா இருக்கும்? உன் அண்ணனும் "மூணு பொண்ணுக்குப் பொறவு ஒரு பையன் இருந்தா..." என்று இழுக்கிறார்கள். நான் பீடிக்கு நூலை இழுக்கிறேன்.

வேறு ஒன்றுமில்லை. பீடி சுற்றும்போது சில நாள் இடது கண்ணோரம் ரம்பம்போலப் பல்லு பல்லாக வெளிச்சம் மின்னுகிறது, அப்புறம் மண்டை பிளக்கிறது. கண்ணாடி போடணும்போல. கிழவியாகிவிட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே, தலாக் சொல்லிவிடப் போகிறார்கள்.

உன் மைனி,
ஆசியா உம்மாள்


கூடங்குளம்
12-8-2024

அன்புள்ள மைனிக்கு, நஃபீஸத் ஸலாத்துடன் எழுதுவது.

கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். நாலு மாசம் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே மதுமதி என்று ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள், மருந்துப் படிப்பு படித்தவள். யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்ட இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொண்டேன். பெயரைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆள் ஊர்ல இருந்தாலும் இல்லாட்டாலும் தினம் ஒரே நேரத்துல போடணும்க்கா. விட்டு விட்டுப் போட்டா அது வேலையே செய்யாது," என்றாள். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்த உடனே போட வேண்டுமாம். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால், தொடர்ந்து ஏழு நாள் போடுகிற வரை வேறு பாதுகாப்பும் வேண்டுமாம். நீங்கள் கோழிக்குப் போட்ட காவி மாத்திரை ரத்தம் ஊறுவதற்கான இரும்புச் சத்து. அதையும் வரிசைப்படி போட்டால்தான் நாள் கணக்குத் தப்பாதாம்.

கண்ணில் மின்னுவதைச் சொன்னதும் அவள் கையில் எடுத்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டாள். "அப்படித் தலைவலி வாறவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. வயசு நாப்பது தாண்டியாச்சு. பிரஷர் பாத்திருக்காங்களா? ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா வாய் கோணி, கை கால் விழுந்துரும். மொதல்ல டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க," என்றாள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

மைனி, இந்தத் தடவை பெட்டியில் கருப்பட்டி மட்டும்தான் இருக்கிறது. கோபப்படாதீர்கள். அண்ணனிடம் சொல்லிவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறதாம்.

உங்கள்
நஃபீஸத்


மேலப்பாளையம்
13-8-2024

நஃபீஸத்துக்கு,

பெட்டி வந்தது. கருப்பட்டி இருந்தது.

நீயும் இந்த வீட்டில் பிறந்தவள்தான் என்பதை நான் மறந்துவிட்டேன். உன் உம்மாவுக்குப் பேரன் வேண்டும், உன் அண்ணனுக்கு மகன் வேண்டும். உனக்கும் அண்ணன் மகனாக ஒரு மருமகன் வேண்டும்போல. வாய் கோணும் என்று பயமுறுத்தினால் நான் தொட்டில் கட்டிவிடுவேன் என்று பார்த்தாயா?

எனக்கு இந்த மாசம் பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. இதுவரை இப்படி எது என்றாலும் உன்னிடம் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். இதையும் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

இனிமேல் பெட்டி அனுப்ப வேண்டாம். இங்கேயும் கருப்பட்டி கிடைக்கும். பழைய பெட்டியை அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆசியா உம்மாள்


கூடங்குளம்
19-8-2024

மைனிக்கு,

நீங்கள் வேண்டாம் என்றாலும் பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு மருமகன் வேண்டும் என்றால் மாத்திரை விஷயத்தை எப்போதோ அண்ணனிடம் சொல்லியிருப்பேனே. எனக்கு வேண்டியது உங்கள் வாய். என் கல்யாணத்தன்று நான் அழுத அழுகையில் மையெல்லாம் கரைந்தபோது, "மாப்பிள்ளை பாத்தா பயந்துருவாரு, மூஞ்சைத் தொடைளா" என்று என்னைச் சிரிக்க வைத்த வாய் அது. அது கோணக் கூடாது.

ஒரு தப்பு என் பேரிலும் இருக்கிறது. மருந்தோடு ஒரு தாள் வரும். பெட்டி புடைத்துத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, வாசிக்காமலேயே அட்டையை மட்டும் வைத்து அனுப்பினேன். இந்த மாத்திரை யாருக்கு ஆகாது என்று அந்தத் தாளில் அச்சடித்தே இருந்திருக்கிறது. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் கையால் ஆனது.

இந்தத் தடவை மதுமதியிடம் அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று நானே நோட்டுத்தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன், நிதானமாக வாசியுங்கள். பத்து நாள் விஷயத்துக்குப் பரிசோதனை செய்தால் உடனே தெரிந்துவிடும். அது எதுவானாலும் நான் உங்கள் பக்கம்தான்.

பதில் எழுதுங்கள் மைனி. ஏசியாவது எழுதுங்கள்.

நஃபீஸத்


மேலப்பாளையம்
3-9-2024, செவ்வாய்

என் நாத்தனாருக்கு, வாய் கோணாத மைனி ஆசியா உம்மாள் எழுதுவது.

இரண்டு செவ்வாய் பதில் இல்லை என்று அண்ணாச்சியைப் போட்டுக் குடைந்தாயாமே. "உங்க நாத்தனாருக்கு ஒரு வரியாவது எழுதித் தாங்க தாயி, என்னைய வண்டியை எடுக்க விட மாட்டேங்கா" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

நீ எழுதிய தாளை ஒரு நாள் முழுக்க வாசித்தேன். அஞ்சாம் வகுப்புக்கு அப்புறம் இத்தனை நீளம் வாசித்தது இதுதான். 'தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல்' என்று நீ கோடு போட்டிருந்த இடம் வந்ததும் மடியில் இருந்த பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை உன் அண்ணன் கேரளாவில் இருந்து வந்ததும் பாசிமணி டப்பாவை எடுத்து முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாள் தள்ளியிருப்பதையும் சொன்னேன். மனுஷன் டீ டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்கள், டீயில் ஆடை கட்டிவிட்டது. ஏசுவார்கள் என்று நினைத்தேன். கடைசியில், "பையன் வேணும்னுதானளா சொன்னேன். ஒனக்குப் பதிலா வேணும்னு சொன்னேனா?" என்று கேட்டார்கள். நான் அந்த டீயை வாங்கிப் போய் மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன்.

மறுநாளே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. பிள்ளை இல்லை. அல்ஹம்துலில்லாஹ், மாங்காய் தப்பித்தது. ஆனால் பிரஷர் நூற்றி அறுபதுக்கு நூறு. நர்ஸ் இரண்டு தடவை கட்டிப் பார்த்தது.

"பீடி சிகரெட் குடிப்பீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டது.

"குடிக்க ஏதும்மா நேரம், நாள் முழுக்கச் சுத்தவே சரியாருக்கு," என்றேன்.

"மாத்திரை யாரு எழுதிக் கொடுத்தா?"

"கருப்பட்டியோட வந்துச்சு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு உன் அண்ணனைப் பார்த்தது. அப்புறம் எனக்குக் கிடைத்த ஏச்சுக்கு முன்னால் மாமியின் ஏச்சு தாலாட்டு. இத்தனை நாள் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டமாம், இனி அந்த மாத்திரையைத் தொடவே கூடாதாம். பிரஷருக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறது. தள்ளிப் போயிருந்த மாசத் தூரம் வந்த பிறகு மறுபடி போய்க் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். உன் அண்ணன் வெளியே பெஞ்சில் பொம்பளைகள் நடுவில் என் செருப்புப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண மேடையில்கூட மனுஷன் இத்தனை வெட்கப்படவில்லை.

உன்னை எழுதக் கூடாத வார்த்தை எழுதிவிட்டேன். நேரில் வரும்போது இரண்டு அடி அடித்துக்கொள். அந்தக் கடிதத்தை மட்டும் அடுப்பில் போட்டுவிடு.

பிரஷர் மாத்திரையை மாமி முன்னால் வைத்துத்தான் போடுகிறேன், தினமும், ஒரே நேரத்தில். உன் அண்ணன் ஊரில் இல்லாத நாளிலும்.

மாமிக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. "கூடங்குளத்துப் பெட்டி வந்தா மட்டும் அடுப்படிக்குள்ள தூக்கிட்டுப் போய் நீயே அவுக்கியே, எம் மவ எனக்கு ஒண்ணும் அனுப்ப மாட்டாளா?" என்று. அடுத்த செவ்வாய் பெட்டியை அதன் மடியிலேயே வைத்து அவிழ்க்கச் சொல்லப்போகிறேன். கருப்பட்டி மட்டும் வை.

என்றும் உன் மைனி,
ஆசியா உம்மாள்