கோயிலடி தாண்டியும் அறாத கதை

பெப். 28, சனி
காற்று அடங்கியிருக்கிறது. கடல் அசையவில்லை. நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்பா முதன்முறையாக வள்ளத்தைக் கழுவினார். டொக்டர் சரி என்றுவிட்டார். அம்மாதான் இன்னும் சரி என்கவில்லை.

"நீங்கள் போற நேரம் முழுக்க எனக்குக் கதை கேக்கவேணும். அறுந்தா, அடுத்த நாளே வள்ளம் சித்தப்பாவுக்கு."

அதற்குத்தான் பேச்சைக் கடத்த நான் செய்த பெட்டிகள். வள்ளத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. கரைக்குக் கிட்ட எங்கள் வீட்டு வைஃபை, தள்ளிப் போனால் சிம். மாறும்போதெல்லாம் பேச்சு அறுகிறது. இன்று பெட்டியோடு அப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கரையோரம் ஓடிப் பார்த்தேன். கோயிலடி தாண்ட அறுந்தது. திரும்பி வந்தால், அம்மா செபமாலையோடு கேற்றடியில். பாவம்.

அடுத்த சனி அப்பா கடலுக்கு. அதற்குள் சரிவர வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்
கிளிநொச்சி. வெக்கை. பாடம் இரண்டு எடுத்தேன், பிறகு நூலகம்.

இன்ரநெற்றில் ஒரே விலாசம் இரண்டு வேலை பார்க்கிறது: ஆள் யார், ஆள் எங்கே. இடம் மாறினால் மறுபக்கத்துக்கு நீ வேறு ஆள். பாதிப் பேச்சில் கதவு சாத்தப்படும். இவ்வளவு காலம் படிப்பித்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டையும் பிரித்துவிடலாம் என்கிறது நான் வாசித்த கட்டுரை. ஆளுக்கு ஒரு சாவி, அது மாறவே மாறாது. இடம் எத்தனை தரமும் மாறலாம். "இப்போது இங்கே வந்துவிட்டேன், நான்தான்" என்று சாவியைக் காட்டினால் போதும், பேச்சு தொடரும். அவ்வளவுதான். தேத்தண்ணீர் ஆறும்வரை அப்படியே இருந்தேன். எவ்வளவு பெரிய யோசனை.

யுத்த இடப்பெயர்வில் எங்கள் பள்ளிக்கூடம் நினைவு வந்தது. கடற்கரைப் பள்ளிக்கூடம், காட்டுக்குள் பாலை மரத்தடியில் நடந்தது. பிறகு வேறொரு பள்ளிக்கூடத்தில், பின்னேரங்களில். வரவு இடாப்பில் அதே பெயர், அதே அதிபர். இங்கே கடல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாங்க: பற்றரி வயர், இறப்பர் மூடி, அம்மாவுக்குக் கால் எண்ணெய்.

மார்ச் 6, வெள்ளி
பரந்தனில் பஸ் தவறியது. வெயிலில் நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான ஒரு பெண், "பிள்ளை எந்த இடம்?" முல்லைத்தீவு என்றேன். "ஆரின்ரை மகள்?" இங்கே எப்போதும் அந்த வரிசைதான். இடம் முதலில், ஆள் பிறகு.

வீடு. புது முறை போட்டாயிற்று. மோட்டார் சைக்கிள், அப்பா பின்னால். கோயிலடி. அறுந்தது.

"நான் சொன்னனான்," என்றுவிட்டு அம்மா குசினிக்குள் போனா. அப்பா வலையை மடித்தார். அதைப் பார்க்க முடியவில்லை.

பிறகு கண்டுபிடித்தேன். என் மடத்தனம். வீட்டுப் பெட்டியில் பழைய கட்டளை ஒன்றை அழிக்காமல் விட்டிருக்கிறேன்: இந்த இந்த விலாசத்திலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடு. சாவியைப் பார்க்கு முன்னமே அது இடம் கேட்கிறது. பஸ் ஸ்ராண்ட் கேள்வியை நானே வாசலில் எழுதி வைத்திருக்கிறேன். அழித்தேன். சோதித்துப் பார்க்க அம்மா விடவில்லை. "நாளைக்குக் கடலில பாப்பம்."

மார்ச் 7, சனி
விடியுமுன் அப்பா போய்விட்டார். அம்மா தேங்காய் துருவுகிறா, போன் பக்கத்தில், சத்தம் கூட்டி. நான் கணினி முன்னால்.

"கோயில் சின்னனாத் தெரியுது," அப்பா.

"இஞ்சேருங்கோ, நண்டு பட்டா விக்காதேங்கோ, பிள்ளை நிக்கிறாள்."

திரையில் விலாசம் மாறியது. முழு இலக்கமும் வேறு. சாவி அதே சாவி.

"ஓம், ஓம். நண்டு கொண்டுவாறன்."

அந்தச் சின்ன இடைவெளிக்குள் அப்பா ஒரு வலையமைப்பைவிட்டு இன்னொன்றுக்குப் போய்விட்டார். அம்மா துருவுவதை நிறுத்தவில்லை.

"எப்ப மாறும், பிள்ளை?"

"மாறிட்டுது அம்மா. நீங்கள் நண்டு எண்டு சொல்லேக்கை."

தேங்காயைக் கீழே வைத்தா. சிலுவை போட்டா. போனை இரண்டு கையாலும் எடுத்தா.

"இப்ப எங்க நிக்கிறியள்?"

அப்பா சொல்லத் தொடங்கினார்.

"சரி விடுங்கோ, எங்கயெண்டாலும் நில்லுங்கோ. கதையுங்கோ."