பத்துப் போட்டிக்காரருக்கு

காலையிலிருந்து மழை. துணியைக் கூடத்து மூங்கிலில் உலர்த்தினேன். உங்கள் மூங்கில்தான். அதை ஊன்றி ஒரு காலத்தில் ஆகாயத்துக்குத் தாவினீர்கள். இப்போது உங்கள் பேரனின் கால்சட்டை அதில் தொங்குகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெண் பார்க்க வரும்போது கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த மாப்பிள்ளை பிள்ளையார்பாளையத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் சேர்த்து இரண்டு நாளில் பத்துப் போட்டி என்று விளக்கினீர்கள். தறியை விட்டு எழுந்து வந்த அப்பா கேட்டார்:

"எதுல தம்பி ஃபஸ்ட்டு வந்த?"

"எதுலயும் இல்ல மாமா. ஓட்டத்துல மூணாவது, ஈட்டியில நாலாவது..."

"அப்புறம் எப்பிடிப்பா கப்பு குடுத்தாங்க? யார ஏமாத்திக்கினு வந்த?"

"பத்துக்கும் மார்க்கு இருக்குது மாமா. கூட்டிப் பாத்தா நான்தான் ஃபஸ்ட்டு."

சட்டைப்பையிலிருந்து ஒரு பேப்பர் படத்தை வேறு எடுத்து நீட்டினீர்கள். ஒலிம்பிக்கில் பத்தாவது போட்டியை ஓடி முடித்த கையோடு சுருண்டு விழுந்த ஜெர்மன்காரர். தங்கம் அவருக்குத்தான்.

"இவரும் பத்துலயும் ஃபஸ்ட்டு வரல மாமா."

"வுழுந்து கெடக்கறவன காட்டி பொண்ணு கேக்கறியா? பொய்க்காரனுக்கு எம் பொண்ணு கெடையாது!" அப்பா எழுந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்தேன். அதற்குள் உங்களை எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. "எனக்குக் கணக்கு புரியுதுபா. இவரையே கட்டிக்கிறேன்" என்று எப்படித்தான் சொன்னேனோ! அப்பா மறுபடி உட்கார்ந்தார். நீங்கள் தங்கம் வாங்கியவர் மாதிரி சிரித்தீர்கள்.

அந்த ஜெர்மன்காரர் பிற்பாடு பனிச்சறுக்கு வண்டிப் போட்டிக்குப் போய்விட்டார் என்று எங்கோ படித்துவிட்டு, அடுப்படிக்கே ஓடி வந்தீர்கள். "பாத்தியாமா, பதினொண்ணாவதுன்னு ஒண்ணு இருக்குது!" அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு ஹார்மோனியம் வந்தது. ஐயோ, அந்த ஹார்மோனியம்! தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

"அப்பாவுக்கு எதும்மா ரொம்ப நல்லா வரும்?" என்று நேற்று மகள் கேட்டாள். இன்று துணி உலர்த்திக்கொண்டே உங்கள் மார்க்கைக் கூட்டத் தொடங்கினேன். சுமாரான ரசம். காது வலிக்கும் ஹார்மோனியம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது. என் அம்மா போன அன்று, கோணல் வகிடெடுத்து எனக்குத் தலை வாரிவிட்டது.

கணக்கு புரியும் என்று அன்றைக்கு வாய் கிழியச் சொன்னவள்தான். துணி காய்ந்துவிட்டது, இன்னும் கூட்டி முடியவில்லை.