பிஸ்கட் டின்னில் இருந்த ஊர்கள்

அன்புள்ள ருகையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமி மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாரா?

சின்ன விஷயம்தான், பயப்படாதே. போனில் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி என்னை அடிக்கடி இங்கிலாந்துக்கு அனுப்புகிறது என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் டீ நேரத்தில் நம் மின்ஹாவுக்கு வாய்ஸ் மெசேஜில் துப்புக் கொடுப்பேன். சுற்றிலும் பழைய கல்மதில் என்றால், நான் இருக்கும் ஊர் யார்க் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

நான் எங்கும் போகவில்லை. இங்கே வளைகுடாவிலேயே ஒரு கிடங்கில் பிஸ்கட் டின்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். அந்த ஊர்களெல்லாம் டின் மூடியில் படத்தோடு இருப்பவை. இந்த வேலை உன் அண்ணன்மார் காதில் விழுந்தால் இளக்காரமாகப் பேசுவார்கள் என்றுதான் பொய் சொன்னேன்.

போன வாரம், ரோமர்கள் கட்டிய வெந்நீர்க் குளம் இருக்கும் ஊர் என்றேன். மின்ஹா பதில் அனுப்பினாள்:

"அந்த ஊரு பாத். ஆனா நீங்க அங்க இல்லியே வாப்பா. பின்னாடி 'யல்லா, கார்ட்டன் ஜல்தி'ன்னு ஒருத்தர் கத்துறாரு. எல்லாத் தடவையும் அதே குரல்தான். நான் உம்மாகிட்ட சொல்லல."

அது, பெட்டிகளைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கத்தும் எங்கள் கிடங்கு சூப்பர்வைசரின் குரல். கூசிப்போனேன். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாள் ஊர்ப்பெயர் சொல்லியிருக்கிறாள். என் பொய்யை ஒன்பது வயதுப் பிள்ளை உன்னிடம் மறைத்துக்கொண்டு திரிய வேண்டாம். அவளைத் திட்டாதே.

இதைக் கொண்டுவருபவரிடம் கொஞ்சம் மாசிக் கருவாடும், மின்ஹா கையால் எழுதிய ஏதாவது ஒரு தாளும் கொடுத்துவிடு. கேம்ப் பஸ் வந்துவிட்டது.

ஜெபல் அலியிலிருந்து,
ஜமீல்