பாப்பாவுக்குத் தேன் மருந்து வேண்டாம்

யோவ் அதெல்மோ,

காப்பி பறிக்கக் கூட்டிட்டுப் போற லாரி வந்துருச்சு, கிளம்புறேன். அடுப்புல பீன்ஸ் குழம்பு இருக்கு, மரவள்ளி மாவு தூவிச் சாப்பிடு.

நேத்து வேலை முடிஞ்சு பாப்பாவை நர்சம்மாகிட்ட காட்டினேன். போன மாசம் இருமலுக்குன்னு தேனும் தேனீப் பிசினும் கலந்த மருந்தை அவ வாயில பீச்சி அடிச்சியே, அந்தக் கண்டம் தாண்டியாச்சாம். பால் நல்லா இழுத்துக் குடிக்கிறா, இனி பயமில்லைன்னாங்க. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்யா.

நம்ம தொண்டைக்கு அது சரி. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் சேர்ந்த எதுவும் கூடாதாம். அதுல இருக்கிற கிருமி பிஞ்சுக் குடல்ல விஷம் கக்குமாம். மறந்துடாதே. இனி உன்னைத் திட்ட மாட்டேன்.

மரிஸ்டெலா

பி.கு.: மருந்துப் புட்டியை நான் எடுத்துட்டுப் போறேன். ஒரு மாசமா உன்னைத் திட்டித் திட்டி எனக்குத்தான் தொண்டை கட்டிப்போச்சு.